கிரவுண்டா? கிரவுண்டடா? – ஆங்கில வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்

மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்



மலரைப் புரட்டினால் கவிதை வரும், ஜோக் வரும், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிய கிண்டல் வரும். நடுவிலே இலக்கணமா என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஒரே ஒரு ஆங்கில வார்த்தையால் நான் ஒரு வேலையைக் கோட்டைவிட்டேன். அதை முதலில் கேளுங்கள், பிறகு தள்ளுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கோவைப் பக்கம் ஒரு கம்பெனியில் நேர்காணல். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். உள்ளே ஒரு மேனேஜரும், பக்கத்தில் வயதான சூப்பர்வைசர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். "டிரெய்னிங்கில் என்ன வேலை பார்த்தாய், ஆங்கிலத்தில் சொல்" என்றார் மேனேஜர். எனக்கு ரொம்ப சந்தோஷம். பம்ப் ஷாஃப்டை லேத்தில் கடைந்து, பிறகு சிலிண்டிரிகல் கிரைண்டரில் போட்டு அளவுக்குக் கொண்டுவரும் வேலையை ஒரு மாதம் கூடவே நின்று செய்தவன் நான். தைரியமாக ஆரம்பித்தேன்.

"ஃபர்ஸ்ட் த ஷாஃப்ட் வாஸ் டர்ன்ட். தென் த ஷாஃப்ட் வாஸ் கிரவுண்டட், சார்."

மேனேஜர் நிமிர்ந்தார். "கிரவுண்டடா? எதற்காக?" என்றார்.

"ஸ்மூத் ஃபினிஷ் கிடைக்கும், சார்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எர்த் கொடுத்தால் ஃபினிஷ் எப்படி வரும்?" என்று அடுத்த கேள்வி. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாயடைத்துப் போனேன். தெரிந்த வேலையைத் தெரியாதவன் மாதிரி முழித்துவிட்டு வெளியே வந்தேன்.

டீ குடிக்க வந்த சூப்பர்வைசர் என்னை வாசலில் பார்த்துவிட்டு நின்றார். "ஏந் தம்பி, ஷாஃப்டைக் கிரைண்டிங்தானே பண்ணினீங்க? அப்ப கிரவுண்டுன்னு சொல்லோணும். கிரவுண்டட்டுன்னா எர்த் பண்ணினதுன்னு ஆயிப்போகுமல்லோ! வேலை தெரிஞ்ச பையன், வார்த்தையில போயி விட்டுட்டீங்களே" என்றார். அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கு விதை. அங்கே வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்றிரவு காங்கேயம் வரும் பஸ்ஸிலேயே, மூன்றாம் வடிவத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். இங்கே ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் அதன் ஸ்பெல்லிங்கை எழுதிக்கொண்டே வாருங்கள். அதுவே முதல் பயிற்சி.

நமக்கு ஏன் தடுமாறுகிறது?

பள்ளிக்கூடத்தில் "கோ – வென்ட் – கான்" என்று பாட்டு மாதிரி ஒப்பித்தோம். ஒப்பிக்கத் தெரிந்தது, எதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. காரணம் நம் மூளை மந்தம் என்பதல்ல. தமிழின் அமைப்பு வேறு.

தமிழிலும் இறந்தகாலம் ஒழுங்காகவா வருகிறது? வா – வந்தான், போ – போனான், நில் – நின்றான், கல் – கற்றான், சா – செத்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் "வந்" என்று ஒருமுறை மாறிவிட்டால் அதுவே எல்லா இடத்துக்கும் போதும். வந்தான், வந்திருக்கிறான், வந்த பையன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே அடி. ஆங்கிலத்தில் அப்படியல்ல. "போனான்" என்பதற்கு வென்ட். "போயிருக்கிறான்" என்பதற்கு ஹேஸ் கான். நாம் தமிழ்ப் பழக்கத்தில் ஒரே அடியை இரண்டு இடத்திலும் போட்டு "ஐ ஹேவ் வென்ட்" என்று சொல்லிவிடுகிறோம். தப்பு பிறக்கும் இடம் இதுதான்.

முற்றும் எச்சமும்

தமிழ் இலக்கண வகுப்பில் வினைமுற்று, எச்சம் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "எழுதினான்" என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. அது முற்று. "எழுதி" என்றால் முடியவில்லை. எழுதி என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றும். "எழுதி இருக்கிறான்" என்று பின்னால் ஒரு துணை வந்தால்தான் நிற்கும். "எழுதிய" என்றாலும் அப்படியே. எழுதிய எது? கடிதம், ரெக்கார்டு என்று ஒரு பெயர் வரவேண்டும். இவை எச்சம்.

ஆங்கிலத்தின் இரண்டாம் வடிவம் முற்று. மூன்றாம் வடிவம் எச்சம். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ரோட் என்பது முற்று. "ஹி ரோட் த ரெக்கார்டு" என்று தனியாக நிற்கும். ரிட்டன் என்பது எச்சம். தனியாக நிற்காது. அதற்கு மூன்று விதமான துணைகளில் ஒன்று வேண்டும்.

முதலாவது, ஹேவ், ஹேஸ், ஹேட். "ஹி ஹேஸ் ரிட்டன் த ரெக்கார்டு." அவன் ரெக்கார்டு எழுதியிருக்கிறான்.

இரண்டாவது, ஈஸ், ஆர், வாஸ், வெர், பீ, பீன், பீயிங். "த ரெக்கார்டு வாஸ் ரிட்டன்." ரெக்கார்டு எழுதப்பட்டது. தமிழில் "பட்டது" வருகிற இடமெல்லாம் ஆங்கிலத்தில் மூன்றாம் வடிவம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

மூன்றாவது, ஒரு பெயர்ச்சொல். "ரிட்டன் டெஸ்ட்", அதாவது எழுத்துத் தேர்வு. இங்கே மூன்றாம் வடிவம் அடைமொழி மாதிரி முன்னால் நிற்கிறது.

ஆகவே "ஐ சீன் த மெஷின்", "ஐ டன் த ஜாப்" என்று சொன்னால் அது "நான் மெஷினைப் பார்த்து", "நான் வேலையைச் செய்து" என்று பாதியில் நிறுத்தின மாதிரி. "ஐ சா த மெஷின்" என்றோ "ஐ ஹேவ் சீன் த மெஷின்" என்றோ முடிக்கவேண்டும்.

நடுவில் வேறு சொல் வந்து உட்கார்ந்தாலும் விதி மாறாது. "ஹி ஹேஸ் ஆல்ரெடி கான்." "த டேபிள் ஹேஸ் நாட் பீன் டிரான்." கேள்வியில் ஹேவ் முன்னால் ஓடிவிட்டாலும் அப்படியே. "ஹேவ் யூ எவர் சீன் எ காங்கேயம் புல்?" நம்ம ஊரில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் அடிதான் விழும். ஆனாலும் வாக்கியம் சரி!

"ஷுட் ஹேவ்", "குட் ஹேவ்" வந்தாலும் ஹேவ் ஹேவ்தான். "ஐ ஷுட் ஹேவ் கான்" என்பதே சரி. அங்கே வென்ட் வராது.

ஆனால் டிட் வந்தால் மட்டும் முதல் வடிவம். "ஐ டிட் நாட் கோ." இறந்தகாலத்தின் சுமையை டிட் ஏற்கெனவே தூக்கிவிட்டது, இன்னொரு தடவை நாம் தூக்க வேண்டியதில்லை. "டிட் நாட் வென்ட்" என்பதும் "டிட் நாட் கான்" என்பதும் இரட்டைச் சுமை.

உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!

மூன்றாம் வடிவம் எனக்கு வராது என்று சொல்கிற நண்பர்களே, தினமும் வகுப்பிலும் ஒர்க்ஷாப்பிலும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கு ஆரம்பிக்கும்போது முதலில் என்ன எழுதுகிறோம்? கிவன். கிவ் – கேவ் – கிவன். கொடுக்கப்பட்டது.

பெல்ட் டிரைவ் பாடத்தில் ஒரு கப்பி ஓட்டும், இன்னொன்று ஓட்டப்படும். ஓட்டுவது டிரைவர், ஓட்டப்படுவது டிரிவன். டிரைவ் – டிரோவ் – டிரிவன்.

டிராயிங்கில் கண்ணுக்குத் தெரியாத விளிம்புக்குப் புள்ளிக்கோடு போடுகிறோம். அதன் பெயர் ஹிட்டன் லைன். ஹைட் – ஹிட் – ஹிட்டன். மறைக்கப்பட்ட கோடு.

தலை உள்ளே அமுங்கி உட்காரும் ஸ்குரூ கவுண்டர்சங்க். சிங்க் – சாங்க் – சங்க்.

தேய்ந்த டூல் வோர்ன் டூல். வேர் – வோர் – வோர்ன். போன ஃபியூஸ் புளோன் ஃபியூஸ். புளோ – புளூ – புளோன். பிளந்திருக்கிற ஊசி ஸ்பிளிட் பின். இழுத்துச் செய்த கம்பி டிரான் ஒயர். டிரா – டிரூ – டிரான்.

வார்ப்பிரும்பு காஸ்ட் அயர்ன். காஸ்ட் – காஸ்ட் – காஸ்ட். நாம் சொல்கிற "காஸ்டட்" தப்பு. "த பம்ப் பாடி வாஸ் காஸ்ட்" என்றால் போதும். தேனிரும்பு ராட் அயர்ன். இந்த ராட் என்பது யார் தெரியுமா? ஒர்க் என்ற சொல்லின் பழைய மூன்றாம் வடிவம்! இப்போது ஒர்க்குக்கு ஒர்க்ட் என்று ஒழுங்கான வடிவம் வந்துவிட்டது. பழையது இரும்பின் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உருகிய உலோகத்தை மோல்ட்டன் மெட்டல் என்கிறோம். அதுவும் மெல்ட் என்பதன் பழைய வடிவம். ஆனால் "உருகிவிட்டது" என்று வினையாகச் சொல்லும்போது ஹேஸ் மெல்ட்டட் என்றுதான் சொல்லவேண்டும்.

நம்ம கொங்கு நாட்டுத் தொழிலே இந்த வடிவங்களில்தான் ஓடுகிறது. மில்லில் நூற்ற நூல் ஸ்பன் யார்ன்: ஸ்பின் – ஸ்பன் – ஸ்பன். சென்னிமலையிலும் பவானியிலும் நெய்த துணி வோவன் கிளாத்: வீவ் – வோவ் – வோவன். வீட்டு வெட் கிரைண்டரில் அரைத்த மாவு கிரவுண்ட்: கிரைண்ட் – கிரவுண்ட் – கிரவுண்ட். அம்மா "மாவு அரைச்சாச்சு" என்று சொன்னால் அது ஆங்கிலத்தில் "த பேட்டர் ஹேஸ் பீன் கிரவுண்ட்". புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூர் வெட் கிரைண்டர் அரைக்கிற மாவும், நான் கோட்டைவிட்ட ஷாஃப்டும் ஒரே வினைதான்!

மூன்று இரட்டையர்கள்

இப்போது என் தப்புக்கு வருவோம். கிரவுண்ட், வவுண்ட், ஃபவுண்ட். இந்த மூன்றும் ஆளை ஏமாற்றும். எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும் வேறு வினைகள் இவற்றுக்கு உண்டு.

கிரைண்ட் – கிரவுண்ட் – கிரவுண்ட் என்றால் அரை, சாணை பிடி. கிரவுண்ட் – கிரவுண்டட் – கிரவுண்டட் என்றால் தரையோடு இணை, எர்த் செய். "த ஷாஃப்ட் வாஸ் கிரவுண்ட்" என்றால் சாணை பிடிக்கப்பட்டது. "த நியூட்ரல் வாஸ் கிரவுண்டட்" என்றால் எர்த் செய்யப்பட்டது. இரண்டும் சரியான ஆங்கிலம். அதனால்தான் ஆபத்து. "கிரைண்டட்" என்று சொல்லியிருந்தாலாவது தப்பு என்று சிரித்துவிட்டு அர்த்தம் புரிந்துகொண்டிருப்பார்கள். நான் சொன்னதோ வேறு வேலை! மோட்டார் ஷாஃப்டை எர்த் செய்கிற வழக்கம் நிஜமாகவே உண்டு. ஷாஃப்டில் ஓடும் மின்சாரம் பேரிங்கைக் கெடுக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். ஆகவே மேனேஜர் கேட்ட கேள்வியில் தப்பே இல்லை.

வைண்ட் – வவுண்ட் – வவுண்ட் என்றால் சுற்று. ஊண்ட் – ஊண்டட் – ஊண்டட் என்றால் காயப்படுத்து. வவுண்டும் ஊண்டும் ஸ்பெல்லிங்கில் ஒன்றே, உச்சரிப்புத்தான் வேறு. ஸ்லிப் ரிங் மோட்டாரின் ரோட்டாரை வவுண்ட் ரோட்டார் என்று படிக்கவேண்டும். வைவாவில் "ஊண்ட் ரோட்டார்" என்று படித்தால் காயம்பட்ட ரோட்டார் ஆகிவிடும். ரீவைண்டிங் கடை பில்லில் "மோட்டார் ரீவைண்டட்" என்று எழுதுவதும் தப்பு. "ரீவவுண்ட்" என்று எழுதவேண்டும். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் தயாரித்த ஊர் கோயமுத்தூர். அந்த ஊர்ப் பக்கத்துப் பையன்கள் நாம் இந்த ஒரு வார்த்தையையாவது சரியாகச் சொல்லவேண்டாமா?

ஃபைண்ட் – ஃபவுண்ட் – ஃபவுண்ட் என்றால் கண்டுபிடி. ஃபவுண்ட் – ஃபவுண்டட் – ஃபவுண்டட் என்றால் நிறுவு. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் நிறுவப்பட்டது. "த காலேஜ் வாஸ் ஃபவுண்டட் இன் 1945" என்று எழுதவேண்டும். "ஃபவுண்ட்" என்று எழுதினால் தொலைந்து கிடந்த கல்லூரியை 1945-ல் யாரோ தேடி எடுத்த மாதிரி ஆகிவிடும்!

நான்கு பெட்டிகள்

ஒழுங்கில்லாத வினைகள் ஆங்கிலத்தில் ஏறக்குறைய இருநூறு. எல்லாவற்றையும் நெட்டுருப் போடவேண்டாம். நம்ம சாமான்களைத் தரம் பிரிக்கிற மாதிரி நான்கு பெட்டியில் போடுங்கள்.

முதல் பெட்டி, மூன்றும் ஒன்று. கட், புட், செட், காஸ்ட், ஸ்பிளிட், ஷட். இங்கே மாற்றவேண்டியது எதுவுமில்லை. "கட்டட்", "புட்டட்" என்று வால் சேர்க்காமல் இருந்தாலே போதும்.

இரண்டாம் பெட்டி, இரண்டும் மூன்றும் ஒன்று. ஹோல்ட் – ஹெல்ட், பெண்ட் – பெண்ட், பில்ட் – பில்ட், கீப் – கெப்ட், பைண்ட் – பவுண்ட், பிரிங் – பிராட், லே – லெய்ட். எழுத்தில் பெண்டும் பில்டும் கடைசியில் டீயாக மாறும், கவனிக்கவும். சிவில் நண்பர்களுக்கு லே முக்கியம். "த பைப் வாஸ் லெய்ட்." சிவன்மலை கோயிலில் பக்தர் கனவில் வந்த பொருளை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள் அல்லவா? அது "கெப்ட் இன் த பாக்ஸ்".

மூன்றாம் பெட்டி, மூன்றும் வேறு. டேக் – டுக் – டேக்கன், பிரேக் – புரோக் – புரோக்கன், சூஸ் – சோஸ் – சோசன், ஸ்பீக் – ஸ்போக் – ஸ்போக்கன், பிகின் – பிகேன் – பிகன். முற்றா எச்சமா என்று பார்க்கவேண்டிய பெட்டி இதுதான்.

நான்காம் பெட்டி, முதலும் மூன்றும் ஒன்று. கம் – கேம் – கம், பிகம் – பிகேம் – பிகம், ரன் – ரேன் – ரன். பெட்டி சின்னது, ஏமாற்றுவது அதிகம். "த மோட்டார் வாஸ் ரேன் ஃபார் ஒன் அவர்" என்று லேப் ரெக்கார்டில் பாதிப் பேர் எழுதுகிறோம். "வாஸ் ரன்" என்பதே சரி.

கூட இரண்டு எச்சரிக்கை

ஒன்று. நேற்று, போன வாரம், 1945-ல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ஹேவ் வேண்டாம். "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" தப்பு. "ஐ சா ஹிம் எஸ்டர்டே" சரி.

இரண்டு. கான் வேறு, பீன் வேறு. நண்பன் கண்ணபுரம் தேர் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறான், இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்றால் "ஹி ஹேஸ் கான் டு கண்ணபுரம்". எப்போதோ போய்த் திரும்பிவிட்டான் என்றால் "ஹி ஹேஸ் பீன் டு கண்ணபுரம்". லீவு லெட்டர் எழுதும்போது இதை மறக்கவேண்டாம்.

இவ்வளவு குழப்பம் ஏன் என்று ஆங்கிலேயனைத் திட்டத் தோன்றுகிறதா? அவர்களும் தடுமாறியவர்கள்தான். 1611-ல் அச்சான ஆங்கில பைபிளில் தோண்டினான் என்பதற்கு டிக்ட் என்று ஒழுங்கான வடிவம் இருக்கிறது, இன்று டக் என்கிறார்கள். ஹெல்ப் என்பதற்கு அதே பைபிளில் ஹோல்ப்பன் என்றொரு மூன்றாம் வடிவம் இருக்கிறது, இன்று ஹெல்ப்ட் என்கிறார்கள். கெட் என்பதற்கு இங்கிலாந்தில் காட் போதும், அமெரிக்காவில் காட்டன் என்றும் சொல்வார்கள். வாய் பேசப் பேச வழக்கம் மாறுகிறது. ஆகவே தப்பாய்ப் பேசினவன் முட்டாள் என்று யாரும் சிரிக்கத் தேவையில்லை. ஆனால் நாம் சொல்லவந்தது வேறாகவும், கேட்டவருக்குப் புரிந்தது வேறாகவும் போகக்கூடாது. டெக்னீஷியன் எழுதுகிற ரிப்போர்ட்டை நம்பித்தான் இன்னொருவன் ஸ்விட்சைப் போடுகிறான்.

எனக்கு உதவிய பழக்கம்

பழைய லேப் ரெக்கார்டை எடுங்கள். மூன்றாம் வடிவங்களின் கீழெல்லாம் சிவப்புக் கோடு போடுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "த ஜாப் வாஸ் ஹெல்ட் இன் த சக். எ குரூவ் வாஸ் கட். த சர்ஃபேஸ் வாஸ் கிரவுண்ட். த ரீடிங்ஸ் வெர் டேக்கன். த டயாமீட்டர் வாஸ் ஃபவுண்ட் டு பி 24.98 மி.மீ." ஐந்து வரியில் ஐந்து! அந்தப் பக்கத்தையே "நான் செய்திருக்கிறேன்" என்று மாற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஐ ஹேவ் ஹெல்ட் த ஜாப். ஐ ஹேவ் கட் எ குரூவ்." பத்து நாளில் நாக்கு பழகிவிடும். நான் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் நின்று முணுமுணுத்ததைப் பார்த்து "பையனுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று ஒரு பாட்டி பரிதாபப்பட்டது தனிக்கதை.

இதோ உங்களுக்கு ஐந்து. முதலில் இருப்பது முதல் வடிவம், கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. புளோ: த ஃபியூஸ் ஹேஸ் ........
2. வைண்ட்: த காயில் வாஸ் ........ பை ஹேண்ட்.
3. கோ: ஹி டிட் நாட் ........ டு த லேப்.
4. ரன்: த பம்ப் ஹேஸ் பீன் ........ ஃபார் டூ அவர்ஸ்.
5. சூஸ்: ஹி வாஸ் ........ இன் த இன்டர்வியூ.

விடைகள்: 1. புளோன், 2. வவுண்ட், 3. கோ, 4. ரன், 5. சோசன்.

ஐந்தாவது வாக்கியத்தை என்னைப் பற்றி எழுத இன்னும் வாய்ப்பு வரவில்லை. அடுத்த நேர்காணலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஷாஃப்டைப் பற்றிக் கேட்டால் இந்தத் தடவை எர்த் கொடுக்கமாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள் நண்பர்களே. கையில் இருக்கிற தொழில், வாயில் வரும் ஒரு எச்சத்தால் வாசலோடு நின்றுவிட வேண்டாம்.